வெள்ளம் வடிந்த பிறகு பாலம்

தேக்காவுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள், புக்கிட் தீமா சாலையோடு ஓடும் ரோச்சோர் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். மழையில்லாத நாளில் அது பரம சாது. ஆனால் 1978 டிசம்பர் 2-ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் ஏழு பேர் மாண்டனர். கால்வாய்க்காவது சிமெண்டுக் கரை உண்டு. தோட்டத்து ஆற்றுக்கு என்ன இருக்கிறது? மணலும் மண்ணும்தானே. உங்கள் பாலத்தின் தூண் அதில்தான் நிற்கிறது.

ஓடும் ஆற்றில் வெறுங்காலோடு நின்றிருப்பீர்கள். குதிகாலைச் சுற்றி மணல் கரைந்து, கால் மெல்ல இறங்குமல்லவா? பாலத்தின் தூணுக்கும் அதே கதிதான். தூணில் மோதும் வெள்ளம் கீழ்நோக்கிச் சுழன்று அடிமண்ணைத் தோண்டிவிடுகிறது. வெள்ளம் தணியும்போது வண்டல் வந்து அந்தக் குழியை மூடிவிடும். மேலே பார்த்தால் பாலம் நன்றாகத்தான் இருக்கும்! அடியில் இருப்பதோ பலமில்லாத சேறு.

1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், தமிழ்நாட்டில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் பலமிழந்திருந்தது. அதன்மேல் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். திருச்சியில் 1928-இல் கட்டிய கொள்ளிடப் பழைய பாலமும் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண் சரிந்து இடிந்தது. ஆனால் புதுப்பாலம் வந்து, பழையதில் வண்டிப் போக்குவரத்தை முன்பே நிறுத்தியிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

ஆகவே தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முன், கரையில் நின்றே பாருங்கள். கைப்பிடி நேர்கோடாக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா? பாதையும் பாலமும் சேருமிடத்தில் வெடிப்போ பள்ளமோ தெரிகிறதா? தூணில் மரக்கட்டை சிக்கியிருக்கிறதா? சிக்கிய கட்டை தண்ணீரை மறித்து, தூண்மேல் பாரத்தை ஏற்றிவிடும். அதை இழுத்துப்போட இளவட்டங்கள் இறங்கவே கூடாது.

சந்தேகம் ஒன்று தோன்றினாலும் தோட்ட ஆபீசில் சொல்லி, இன்ஜினீயர் வந்து பார்க்கும்வரை வழியை அடைத்து வையுங்கள். ஒரு வேலை நாள் போனாலும் போகட்டும். அடைக்கும்போது அக்கரையை மறந்துவிடுவது வழக்கம். இருட்டில் அந்தப் பக்கமிருந்து வீடு திரும்புகிறவருக்கு விஷயம் தெரியாது. அங்கேயும் குறுக்கே ஒரு கம்பு கட்டி, வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள்.