கதவுக்குள் ஓடும் மழை

“நேற்று 5 சென்டிமீட்டர் மழை பதிவானது” என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த மழை ஒரு காரின் மேல் பெய்தால் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். பழைய மாருதி 800 வண்டி ஏறக்குறைய 3.3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம். பெருக்கினால் 4.6 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் என்பது 50 மில்லிமீட்டர். அப்படியானால் அந்தச் சின்ன வண்டியின் தலையில் மட்டும் 230 லிட்டர் கொட்டுகிறது. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 15 குடம்!

இவ்வளவு கொட்டியும் உள்ளே இருப்பவர் நனைவதில்லை. கார் என்பது சொட்டு நீரும் புகாத பெட்டி, அதனால்தான் என்று நினைப்பீர்கள். உண்மை வேறு. காரின் உடம்புக்குள் தண்ணீர் தாராளமாகப் போகிறது. வந்த தண்ணீருக்கு வெளியே போக வழி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பழைய காரில் தண்ணீர் ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் அந்த வழிகளில் ஒன்று அடைபட்டிருக்கும் அல்லது உடைந்திருக்கும்.

கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேலும் கீழும் போய்வர வேண்டுமானால் கதவின் மேல் விளிம்பில் இடைவெளி வேண்டும். அங்கே ஒரு ரப்பர் பட்டை கண்ணாடியை ஒட்டி நிற்கும். அது தண்ணீரை வழித்துவிடுமே தவிர முழுதாகத் தடுக்காது. மிச்சத் தண்ணீர் கண்ணாடியோடு வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்குகிறது. எந்தக் காரின் கதவையும் திறந்து, குனிந்து, அதன் அடி விளிம்பைப் பாருங்கள். விரல் நகம் அளவுக்கு நீளவாட்டில் சில துளைகள் இருக்கும். உள்ளே போன மழை வெளியேறும் வாசல் அவைதான். அவற்றில் சேறும் சருகும் அடைத்தால் கதவு தொட்டியாகிவிடும். திறந்து மூடும்போது உள்ளே ‘சளக் சளக்’ என்று கேட்கும்.

கதவுக்குள் இன்னொரு காவலாளியும் உண்டு. கை வைக்கும் அட்டையைக் கழற்றினால், அதன் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் தெரியும். பார்க்க அற்பமாக இருக்கும். உள்பக்கம் தெறிக்கும் தண்ணீரை மறுபடியும் கதவுக்குள்ளேயே இறக்கிவிடுவது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாற்றவோ கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுது பார்க்கவோ யாராவது அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் அட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்த மழைக்கு மேட் நனையும். வீட்டில் எல்லோரும் காரின் கூரையைச் சந்தேகப்படுவார்கள்!

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் முளைத்திருக்கும் இடத்திலும் இப்படி ஒரு வாய்க்கால் இருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழையெல்லாம் சல்லடை போன்ற மூடி வழியாக அதில் இறங்கி, இரண்டு ஓரத் துளைகளால் தரைக்குப் போகும். வேப்ப மரத்தடியில் நிற்கும் காரில் இந்த மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வேப்பிலையும் பூவும் மட்கி, கறுப்பு மண்ணாகவே மாறியிருக்கும். துளை அடைத்தால் நீர்மட்டம் உயரும். அதே வாய்க்காலில்தான் காருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் வாயும் இருக்கிறது. தண்ணீர் அந்த வாயைத் தொட்டுவிட்டால், நேராக டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்தில் வந்து விழும்.

நனைந்த இடம்தான் ஒழுகும் இடம் என்று நம்பிவிடக் கூடாது. தண்ணீர் நேர்கோட்டில் விழும் என்பது காற்றில் விழும்போது மட்டும். ஒரு பரப்பைத் தொட்டுவிட்டால் அதை ஒட்டிக்கொண்டே போகும். டம்ளரிலிருந்து தண்ணீரை மெதுவாகச் சாய்த்தால், அது கீழே விழாமல் டம்ளரின் வெளிப்பக்கத்தோடு ஓடி உங்கள் கையை நனைக்கிறதல்லவா? அதே போல, முன்கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்த நீர் கூரைத் துணிக்கு மேலே ஊர்ந்து, தூணுக்குள் இறங்கி, பின்சீட்டின் அடியில் தலைகாட்டும். கார் சரிவில் நின்றால் இன்னும் தூரம் போகும்.

தண்ணீர் மேல்நோக்கியும் ஏறும். இரண்டு சிறிய கண்ணாடித் தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு தீக்குச்சியைச் செருகி, ரப்பர் பேண்டு போடுங்கள். (கண்ணாடி முனை கையைக் கிழிக்கும், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) மை கரைத்த தண்ணீரில் அதைச் செங்குத்தாக நிறுத்தினால், தீக்குச்சி இருக்கும் பக்கம் நீர் கொஞ்சம்தான் ஏறும். தகடுகள் நெருங்க நெருங்க, வளைந்த கோடாக உயர்ந்துகொண்டே போகும். இதுதான் நுண்புழை ஏற்றம். ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறும். துளை பத்தில் ஒரு பங்கானால் ஏற்றம் பத்து மடங்கு. காரின் உடம்பு பல இரும்புத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பற்றவைத்தது. அந்த ஒட்டுகளின் மேல் பூசிய பசை வயதானால் வெடிக்கும். முடி அளவு வெடிப்பு போதும், தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பெரிய ஓட்டையை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். இந்தச் சின்ன வெடிப்புகள்தான் மெக்கானிக்கை நாள்கணக்கில் அலைய வைப்பவை.

தேடுவதற்கு முன் ஒரு கேள்வி: அது மழைத் தண்ணீர்தானா? மழையே இல்லாத சித்திரை மாதத்தில் முன்னால் இடப்பக்கம் கால் வைக்கும் இடம் நனைந்தால், ஏசியைக் கவனியுங்கள். ஏசியின் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் துளியாகப் படிந்து, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். வெயிலில் ஏசி போட்டு நின்ற காரின் கீழே தரை காய்ந்தே இருந்தால், குழாய் அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக் கீழிருந்து காற்றடித்து அடைப்பை எடுத்துவிடுவார். நனைந்த இடம் பிசுபிசுவென்று, நிறத்தோடு, ஒருவித இனிப்பு வாசனையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். தொடாதீர்கள், உடனே வீட்டில் சொல்லுங்கள்.

மழைதான் என்று உறுதியானால் தேடல் தொடங்கலாம். இது இரண்டு பேர் வேலை. தரை விரிப்பைத் தூக்கிவிட்டு, வெறும் தகட்டின் மேல் செய்தித்தாள் விரிக்க வேண்டும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ரப்பர் குழாயால் தண்ணீர் விட வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது, மழைபோல் மெதுவாக வழிய விட வேண்டும். அதுவும் கீழிருந்து மேலாக. முதலில் கதவின் அடிப்பாகம், சில நிமிடம் பொறுத்துக் கண்ணாடி விளிம்பு, பிறகு முன்கண்ணாடியின் கீழ்ப்பக்கம், கடைசியில் கூரை. கூரையில் தொடங்கினால் ஒரே நேரத்தில் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்றே தெரியாது. செய்தித்தாளில் முதல் ஈரப்பொட்டு விழுந்ததும் நிறுத்தி, அங்கிருந்து டார்ச் வெளிச்சத்தில் ஈரத்தின் தடத்தை மேல்நோக்கிப் பின்தொடர வேண்டும். சந்தேகமான ஒட்டுகளில் முகப்பவுடர் தூவி வைத்தால், தண்ணீர் வந்த பாதை கோடாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை தண்ணீரே உள்ளே போகாதது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து, விசிறியை முழு வேகத்தில் விட்டால் காருக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடும். வெளியே கதவு ரப்பர், முன்கண்ணாடி விளிம்பு, டிக்கி ஓரம் எங்கும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். டிக்கிப் பக்கம் காற்று வெளியேறுவதற்கென்றே வைத்த திறப்புகள் உண்டு, அங்கே குமிழி வந்தால் பயப்பட வேண்டாம். தொழில்நுட்பக்காரர்கள் இதையே ஒலியால் செய்கிறார்கள். மனிதக் காதுக்கு எட்டாத, வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் காருக்குள் எழுப்பி, அது எந்த இடுக்கில் கசிகிறது என்று வெளியே கருவியால் கேட்பார்கள்.

கதவைச் சுற்றிய ரப்பரை, மெக்கானிக் மொழியில் ‘பீடிங்’கை, ஒரு காகிதத் துண்டால் சோதித்துவிடலாம். துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. ரப்பருக்குத் துள்ளல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதன் நீண்ட மூலக்கூறு இழைகளை இடையிடையே சிறு பாலங்கள் கட்டிப்போட்டிருக்கின்றன. அமுக்கினாலும் இழைகள் தம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கந்தகத்தோடு சூடாக்கினால் ரப்பர் இப்படி உறுதியாகும் என்று 1839-இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். ஆண்டுக்கணக்கில் வெயிலும் ஓசோனும் பட்டால் இழைகள் அறுகின்றன, ரப்பர் வெடிக்கிறது. எப்போதும் அமுங்கியே கிடப்பதால் தட்டையாகவும் ஆகிவிடுகிறது. இதற்கு மேலே சிலிகான் பூசி ஒப்பேற்றுவது வீண். புது பீடிங் போடுவதே சரி. முன்கண்ணாடி ஒட்டில் கசிந்தாலும் அப்படியே, கண்ணாடியை எடுத்து மறுபடி ‘பேஸ்டிங்’ செய்ய வேண்டும்.

அடைப்பை எடுத்து, தாளை ஒட்டி, ரப்பரை மாற்றிய பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. விரிப்பின் அடியில் தடித்த கம்பளம் போன்ற மெத்தை உண்டு. மேலே காய்ந்தாற்போல் தெரியும், அழுத்தினால் நீர் பிழியும். அதை விட்டுவைத்தால் காற்றை ஈரமாக்கிக்கொண்டே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவி தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். காருக்குள் இரண்டரை கன மீட்டர் காற்று என்று வைத்தால், இரவு குளிரும்போது 30 கிராமுக்கு மேல் நீர் கண்ணாடியில் படிய வேண்டியிருக்கும். காலையில் உள்பக்கம் பனி மூடியிருப்பதன் ரகசியம் இதுதான். தரைத் தகடோ ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் பெயின்ட் கொப்புளமாக எழும்பும். கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்து இதை விரைவாக்கும்.

ஆகவே மெத்தையை வெளியே எடுத்து, வெயிலில் நன்றாகக் காயப்போட வேண்டும். தகட்டைத் துடைத்து, கொப்புளம் இருந்தால் டிங்கரிடம் காட்டிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தாலும் மெத்தையை உடனே திரும்பப் போடாதீர்கள். தரையில் மறுபடி செய்தித்தாள் விரித்து, நல்ல மழை ஒன்றுக்குக் காத்திருங்கள். வண்டி நிற்கும்போது ஒரு மழை, ஓடும்போது ஒரு மழை என்று இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் வேகமாகப் போகும் காரின் முன்கண்ணாடி அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடும், நிற்கும்போது கசியாத இடுக்கில் அப்போது கசியலாம். இரண்டு மழைக்கும் தாள் மொடமொடவென்று இருந்தால் மெத்தையைப் போட்டுவிடலாம்.