இருபதுகளின் பதற்றம்: மரபணுவா காரணம்?

தேர்வுக்கு முந்தைய இரவில் விடுதி அறையில் ஒருவருக்குச் சோறு இறங்காது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் குறட்டை விடுவார். "அவனுக்கு மனசு கெட்டி" என்று சொல்லிவிடுகிறோம். உடம்புக்கும் இதில் பங்கு உண்டு.

அடங்கத் தெரிந்த சுரப்பு

நேர்காணலுக்குப் பெயரைக் கூப்பிட்டதுமே அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் நிதானமாக வரும். மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். போதிய அளவு சேர்ந்ததும் அதுவே மூளைக்குப் போய்ச் சுரப்பை நிறுத்தச் சொல்லும். எவ்வளவு ஏறுகிறது, எத்தனை சீக்கிரம் இறங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதை அளக்க, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஒரு சோதனையை வகுத்தார்கள். முகத்தில் உணர்ச்சியே காட்டாத நடுவர்கள் முன் பேச வேண்டும். பிறகு 1,022இலிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தவறினால் முதலிலிருந்து! பலருக்கும் கார்டிசால் எகிறியதில் வியப்பில்லை.

இருபதுகளில் இன்னொரு சிக்கல். உணர்ச்சியை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

மரபணுவின் மேல் பழி

ஆளுக்கு ஆள் இப்படி மாறுவது மரபணுவாலா? நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் 26 வயதை எட்டியபோது கிடைத்த தரவுகளைக் கொண்டு 2003இல் ஒரு கட்டுரை வந்தது. செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் கடத்தி மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களை வாழ்க்கையின் அடிகள் எளிதில் மனச்சோர்வில் தள்ளுகின்றன என்றது. உலகமே அதைப் பற்றிக்கொண்டது.

2009இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவும் கைவிரித்தது. மரபுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. எண்ணற்ற மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்களிக்கின்றன. ஆகவே ஒரே மரபணுவைப் பார்த்து மனவலிமையைச் சொல்கிறோம் என்று யாராவது பரிசோதனை விற்றால், பணத்தை எடுக்காதீர்கள்.

கையில் இருப்பவை

தூக்கத்தைக் காவு கொடுத்துப் படிப்பது, அதற்குத் துணையாக இரவில் காபி: இரண்டுமே கார்டிசாலை ஏற்றிவிடக்கூடியவை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணியும். தினமும் வேர்க்கும்படி நடப்பதும் உதவும்.

தூக்கமின்மை, ஆர்வமின்மை, அழுகை இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.