தவறான ஊகத்துக்கு முப்பது வினாடி

வகுப்பறையில் அறிவியல் – 9

பிள்ளைகளை நேரில் அழைத்துப்போய்க் கலந்துகொள்ளும் அறிவியல் விழாக்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் இயங்கலை மேடை. ஜொகூர் மாநிலத்தில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஜொகூர் பாரு நகருக்குள் ஜாலான் யஹ்யா அவால் போன்ற பெரிய பள்ளிகள் ஒரு பக்கம். 150 பேரைத் தாண்டாமல் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் இருக்கும் தோட்டப்பள்ளிகள் இன்னொரு பக்கம். அறிவியல் போட்டியின் தேசியச் சுற்று என்றால் பெரும்பாலும் கோலாலம்பூர் வட்டாரம்தான். இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். வேன் வாடகை, தங்குமிடம், சாப்பாடு, உடன் போகும் ஆசிரியரின் வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு என்று கூட்டிப் பார்த்தால், சிறிய பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓராண்டு முழுக்கத் திரட்டிய பணம் மூன்று பிள்ளைகளுக்கே போய்விடும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது போட்டிகள் பலவும் வேறு வழியின்றிக் காணொலிக்கு மாறின. ஆணை போய்விட்டது, காணொலிச் சுற்று தங்கிவிட்டது. அது தங்கியது நல்லது என்பதே என் கட்சி. ஆனால் அந்த மூன்று நிமிடக் காணொலிக்குள் நாம் எதை வைக்கிறோம் என்பதில் எனக்குப் பெரிய வழக்கு இருக்கிறது.

மூன்று நிமிடம் என்பது நான் போட்ட கணக்கல்ல. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியுதவியுடன், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கும் டெர்க் என்ற கல்வி ஆய்வு நிறுவனம் 2015இல் அறிவியல் கல்வித் திட்டங்களுக்கான காணொலிக் காட்சி ஒன்றைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தியது. பங்கேற்றவர்கள் பிள்ளைகள் அல்லர். கல்வித் திட்டங்களை நடத்துபவர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று நிமிடத்துக்கு மேற்படாத ஒரு காணொலி. மே மாதத்தில் சில நாள்கள் அவை பொதுப் பார்வைக்கு வரும். பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், காணொலியைக் கொடுத்தவர்கள் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். விருதுகள் உண்டு, ஆனால் ஒரே தட்டில் அல்ல: பொதுமக்கள் தேர்வு தனி, சக பங்கேற்பாளர் தேர்வு தனி, கலந்துரையாடலை வழிநடத்தும் வல்லுநர்களின் தேர்வு தனி. கூட்டம் விரும்புவதும் துறை அறிந்தவர் மதிப்பதும் வேறாக இருக்கலாம் என்பதை விதியிலேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அங்கே காணொலி முன்னுரைதான். உண்மையான சந்திப்பு அதற்குப் பின் வந்த கேள்விகளில் நடந்தது. நம் ஊருக்கு இந்த வடிவம் வந்தபோது காணொலி வந்தது, கேள்வி வரவில்லை.

மாணவர்களுக்கான பெரிய உலக மேடையும் அதே 2015இல்தான் தொடங்கியது. பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச் என்ற அந்தப் போட்டியில், 13 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் ஓர் அறிவியல் கருத்தைச் சிறு காணொலியில் விளக்க வேண்டும். 2017இல் வென்றவர் பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவைச் சேர்ந்த ஹிலரி டயன் ஆண்டாலெஸ். 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி சின்னாபின்னமாக்கிய தீவு அது. சார்பியல் கொள்கையை அவர் விளக்கிய காணொலிக்கு 250,000 அமெரிக்க டாலர் கல்வி உதவி கிடைத்தது. ஆசிரியருக்கு 50,000 டாலர், பள்ளிக்கு 100,000 டாலர் மதிப்புள்ள ஆய்வுக்கூடம் தனி. தலைநகரத்தில் இல்லாத ஒரு பள்ளி, விமானம் ஏறாமல் உலகத்தின் கண்ணில் பட முடிந்தது. தொலைவில் இருப்பவர்களுக்கு இயங்கலை மேடை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

இனி நம் காணொலிகளுக்கு வருவோம். அச்சில் வார்த்தது போன்ற ஒரு வடிவம் உருவாகிவிட்டது. பள்ளிச் சின்னம் சுழன்று வரும், பின்னணி இசை முழங்கும். வெள்ளை மேலங்கி அணிந்த பிள்ளை வணக்கம் சொல்லிக் குழுவினரை அறிமுகப்படுத்தும். பிறகு மனப்பாடம் செய்த வசனம்: பிரச்சினை இது, எங்கள் புத்தாக்கம் இது, செலவு குறைவு, சுற்றுச்சூழலுக்கு உகந்தது, சந்தைப்படுத்தலாம். கடைசியில் நன்றி. வாழைத்தோலில் செய்த உரமோ அன்னாசி இலையில் செய்த தாளோ, எதுவாக இருந்தாலும் முதல் முயற்சியிலேயே வென்றிருக்கும். இது விளம்பரத்தின் இலக்கணம். பிள்ளையின் மனம் எங்கே தடுமாறி எங்கே திருந்தியது என்பதற்கு அதில் ஒரு வினாடிகூட இல்லை. இதை வளர்த்துவிட்டதில் பதக்கங்களுக்கும் பங்கு உண்டு. கட்டணம் வாங்கி நடத்தும் இயங்கலைப் புத்தாக்கப் போட்டிகள் பலவற்றில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லாருக்கும் தங்கம். 'அனைத்துலகத் தங்கம்' என்று பள்ளி வாசலில் பதாகை கட்டும்போது, எத்தனை தங்கங்களில் அது ஒன்று என்று யாரும் எழுதுவதில்லை. பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் நாம் கணக்கை மறைக்கிறோம் என்றுதான் சொல்கிறேன்.

வழவழப்பான விளக்கம் கற்பிக்கும் என்ற நம்பிக்கையையே உரசிப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இன்று வெரிட்டாசியம் என்ற யூடியூப் அலைவரிசையால் உலகம் அறிந்த டெரிக் முல்லர், 2008இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வு அது. மேலே எறிந்த பந்து கையை விட்டுப் போன பிறகு அதன்மேல் செயல்படும் விசை எது? கை கொடுத்த விசை பந்தோடு கொஞ்ச தூரம் போய்த் தேய்ந்துவிடுகிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால் புவியீர்ப்பு மட்டுமே உண்டு என்பது சரியான விடை. முல்லர் ஒரு பிரிவினருக்குச் சரியான விடையை மட்டும் தெளிவாகச் சொல்லும் காணொலியைக் காட்டினார். நன்றாக இருக்கிறது, எளிதாகப் புரிகிறது என்றார்கள், தன்னம்பிக்கையும் கூடியது, தேர்வு மதிப்பெண் மட்டும் அநேகமாக இருந்த இடத்திலேயே இருந்தது. தாங்கள் முன்பே நம்பியிருந்த தவறையே காணொலியும் சொன்னதாக எண்ணிக்கொண்டார்கள். இன்னொரு பிரிவினர் பார்த்த காணொலியில், ஒருவர் அந்தத் தவறான கருத்தை வாய்விட்டுச் சொல்ல, உரையாடலின் வழியே அது உடைந்தது. குழப்பமாக இருக்கிறது என்று அவர்கள் முகம் சுளித்தார்கள். மதிப்பெண்ணில் முன்னேறியவர்களோ அவர்கள்தாம். பார்ப்பவரைப் பற்றிய ஆய்வுதானே, காணொலி செய்யும் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நம் காணொலிகளைப் பார்க்கப்போகிறவர்களும் பிள்ளைகள்தாம். அதோடு, தன் தவறான ஊகத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த பிள்ளை, முதலில் ஓர் ஊகம் வைத்திருந்தாக வேண்டும்.

ஜொகூர் பாருவிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாசி கெராபுவுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூ நம் வேலிகளில் சாதாரணமாகப் பூக்கிறது. பத்துப் பூவைச் சுடுநீரில் போட்டால் ஆழ்ந்த நீலச் சாறு கிடைக்கும். கஸ்தூரி லிமாவைப் பிழிந்தால் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்புக்குப் போகும். சலவைத்தூள் கரைசலை ஊற்றினால் பச்சையாகும். இதுவரை எல்லாப் பள்ளிக் காணொலியிலும் வருவதுதான். இப்போது ஸ்கூடாய் ஆற்று நீரைச் சோதிக்கப் போகிறோம் என்று வையுங்கள். அழுக்கு நீர் அமிலமாகத்தான் இருக்கும், பூச்சாறு சிவக்கும் என்று பிள்ளை ஊகிக்கும். ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு இது மிக இயல்பான ஊகம். சாதாரண ஆற்று நீரின் பிஎச் மதிப்பு நடுநிலையை ஒட்டியே இருப்பதால், சாறு நீலமாகவே நிற்கும். வழக்கமான காணொலியில் இந்த இடம் வெட்டப்பட்டுவிடும். என்னைக் கேட்டால், படமே இங்கேதான் தொடங்குகிறது. நீர் சுத்தமா? அல்லது பூவுக்குப் பார்க்கத் தெரியாத அழுக்கு ஏதாவது இருக்கிறதா? மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஆறுகளைத் தரம் பிரிக்கும் குறியீட்டில் ஆறு அளவீடுகள் உண்டு: கரைந்த உயிர்வளி, உயிரியல் உயிர்வளித் தேவை, வேதியியல் உயிர்வளித் தேவை, அமோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச். பூ காட்டுவது கடைசி ஒன்றை மட்டும். அமோனியா கூடியதால் ஜொகூர் ஆற்றுப் படுகையில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்ட செய்தியை நாம் படித்திருக்கிறோம். அந்த அளவு அமோனியா பூச்சாற்றை அசைத்திருக்காது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டபோது காற்றில் பேசப்பட்டவை பென்சீன், டொலுயீன், அக்ரோலின் போன்றவை. அவற்றுக்கும் சங்குப்பூவுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளக்காது என்று பதினொரு வயதில் ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்தால், அதற்குமேல் ஒரு பள்ளி அறிவியல் திட்டம் என்ன செய்துவிட முடியும்? (ஆற்று நீரை எடுக்கப் பெரியவர் துணையுடன், கையுறை போட்டுக்கொண்டு போக வேண்டும். பாசிர் கூடாங் பக்கம் வேண்டவே வேண்டாம்.)

தவறைக் காட்டினால் நீதிபதிகள் மதிப்பெண்ணைக் குறைப்பார்களே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். பல போட்டிகளின் மதிப்பீட்டுப் படிவத்தில் 'புதுமை', 'வணிக வாய்ப்பு', 'படைப்பு நயம்' ஆகியவற்றுக்கு இடம் உண்டு, 'ஊகம் மாறிய விதம்' என்ற வரி இல்லை. ஆகவே படிவத்தைத்தான் திருத்த வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்திலேயே அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று உற்றறிதல், ஊகித்தல், முன் அனுமானித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. வகுப்பில் மதிப்பிடுவதைப் போட்டியில் மதிப்பிட மறுப்பது என்ன நியாயம்? தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பாருங்கள். 1993 முதல் இந்தியா முழுக்க நடக்கும் அதில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்கிறார்கள். பொருளைத் தயாரித்துக்கொண்டு வரச் சொல்வதில்லை. தரவு திரட்டி, அதிலிருந்து என்ன தெரிந்தது என்று நின்று பேசச் சொல்கிறார்கள். இங்கே தமிழ்ப்பள்ளிகளுக்கான அறிவியல் விழாவைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் அஸ்தி போன்ற அமைப்புகள் இப்படி ஒரு வரியைச் சேர்த்தால், மற்ற ஏற்பாட்டாளர்களும் பின்தொடர்வார்கள்.

அடுத்து மொழி. அனைத்துலக மேடைக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதும், 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்ததும், 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது தமிழ்ப்பள்ளிகளில் அதை ஏற்பதா என்று எழுந்த சர்ச்சையும் நமக்கு மறக்கவில்லை. அந்தச் சண்டையைக் காணொலிக்குள் இழுத்து வரத் தேவையில்லை, ஏனென்றால் காணொலிக்கு மேடைப் பேச்சுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: அடியில் எழுத்து ஓட்டலாம். பிள்ளை எந்த மொழியில் யோசித்ததோ அந்த மொழியில் பேசட்டும். ஆங்கிலமோ மலாயோ கீழே ஓடட்டும். மனப்பாட ஆங்கிலத்தில் பிள்ளை சொல்வது ஆசிரியர் எழுதிக் கொடுத்த வாக்கியம் என்று எந்த நீதிபதிக்கும் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் தானாகவே பேசக்கூடிய பிள்ளை ஆங்கிலத்தில் பேசட்டும், அதிலும் எனக்கு மறுப்பில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம், காணொலியைச் செய்வது யார் என்பது. நகரத்துப் பள்ளியில் படத்தொகுப்பு தெரிந்த அப்பா இருப்பார், காசு கொடுத்து ஆள் பிடிக்கும் பெற்றோர் சங்கமும் இருக்கும். கூட்டு வகுப்பு நடத்தும் தோட்டப்பள்ளியில் ஓர் ஆசிரியரும் அவருடைய கைப்பேசியும்தான். பயணச் செலவில் இருந்த ஏற்றத்தாழ்வு படத்தொகுப்புச் செலவுக்கு இடம் மாறியதே தவிர ஒழியவில்லை என்று சொல்வார்கள். 2020இல் தேர்வெழுத இணையத் தொடர்பு தேடி சபாவில் ஒரு மாணவி மரமேறியதை நாடே பார்த்தது. தொடர்புப் பிரச்சினை இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதும் உண்மை. இதற்கு விதி ஒன்றே மருந்து. ஒரே கைப்பேசியில் எடுத்தது, பின்னணி இசை இல்லாதது, இரண்டு மூன்று வெட்டுக்கு மேல் போகாதது என்று கட்டினால் காசுக்கு வேலை குறைந்துவிடும். காணொலியை அனுப்ப ஒரு முறை தொடர்பு கிடைத்தால் போதும். நேரலைப் போட்டியைவிட இது தோட்டப்பள்ளிக்கு இலகுவானது. அதன்பின் பத்து நிமிடக் கேள்வி நேரம், பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல். யார் செய்த வேலை என்பது அங்கே வெளிச்சமாகிவிடும். ஆசிரியரின் வேலைப்பளு கூடாதா என்றால், விளம்பரப் படம் எடுக்கும் வேலை போய்விடுவதால் உண்மையில் குறையும். 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வு ரத்தான பிறகு, மதிப்பெண் ஓட்டத்துக்குப் போன ஆறாம் ஆண்டு நேரத்தில் கொஞ்சமாவது இதற்குத் திரும்பியிருக்க வேண்டும். அது இன்னொரு போட்டிக் கூடமாக மாறிப்போனால் தேர்வே இருந்திருக்கலாம். பிள்ளைகளின் முகம் பொதுவெளிக்குப் போவதில் பெற்றோருக்குத் தயக்கம் இருந்தால், கைகளையும் குவளைகளையும் குரலையும் மட்டும் காட்டினாலே போதும். அறிவியலுக்கு முகம் தேவைப்படுவதில்லை.

ஸ்கூடாயில் 1985 முதல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே தமிழ் தெரிந்த மாணவர்களும் இருக்கிறார்கள். கேள்வி கேட்க ஆள் கிடைக்காது என்ற சாக்கு ஜொகூர் பாருவுக்குப் பொருந்தாது. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தவணையில் ஏதாவது ஓர் இயங்கலைப் போட்டிக்குக் கட்டணம் கட்டுமுன், கேள்வி நேரம் உண்டா, மொத்தம் எத்தனை தங்கம் கொடுக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தில் பிஎச் தாளும் அமோனியாச் சோதனைப் பெட்டியும் வாங்கிப் பள்ளிக்குக் கொடுங்கள்.

(தொடரும்)