கருகல் மணமும் கணக்குப் புத்தகமும்

நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு வேன் என்பது வெறும் வாகனமல்ல. அது ஓடுகின்ற இன்னொரு கடை. அது ஒரு நாள் கராஜில் நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றுவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் நம்மில் பலர் பழைய வேன்களையே பழுதுபார்த்து ஓட்டப் பழகிக்கொண்டோம். 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும் புதியதொன்றை வாங்கும் வசதி எல்லோருக்கும் வந்துவிடவில்லை. ஆகவே, பழைய வேனால் நான் கற்ற பாடம் சிலருக்காவது பயன்படலாம்.

என் புடவைக் கடை கம்பளையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை புறக்கோட்டையில் சாமான் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் வருவோம். மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறி முடித்து, தேநீர் குடிக்க வேனை நிறுத்தினால் உள்ளே கருகல் மணம் வரத் தொடங்கியது. ஒரு முறையல்ல, ஒவ்வொரு வாரமும்.

ஏற்றத்தில் கருகல் மணம் என்றால் கிளச்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் சாரதி கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறார் என்பது என் குற்றச்சாட்டு. “முதலாளி, ஏறும்போது மணமில்ல. நிப்பாட்டினாத்தான் வருது” என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழமையான கராஜில் கிளச் செட்டை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். அந்தச் செலவில் பாதியைச் சாரதியின் சம்பளத்தில் கழித்தேன்.

அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே மணம் வந்தது.

இம்முறை வேறொரு பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னர் மூன்று கேள்விகள் கேட்டார். மணம் எப்போது வருகிறது? என்ன மாதிரியான மணம்? ஒயில் குறைகிறதா? மூன்றுக்கும் என்னிடம் பதிலில்லை. சாரதியிடம் இருந்தது. “மாசத்துக்கு அரை லீற்றர் ஊத்துறேன் பாஸ். பில் எல்லாம் கடையில குடுத்திருக்கேன்” என்றார்.

பாஸ் ஆசனத்தைத் தூக்கி எஞ்சினைக் காட்டினார். எஞ்சினின் மேல் மூடியிலுள்ள கேஸ்கட் காய்ந்து வெடித்திருந்தது. அதனால் கசிந்த ஒயில், புகை வெளியேறும் சூடான இரும்புக் குழாயின் மேல் சொட்டியிருக்கிறது. ஓடும்போது காற்று மணத்தை அடித்துச் சென்றுவிடும். நின்றதும் அது உள்ளே ஏறும். சாரதி சொன்னதும் அதைத்தான். கழற்றிய பழைய கிளச் பிளேட்டையும் பாஸ் பார்த்தார். றிவெட்டுகள் இன்னும் ஆழத்திலேயே இருந்தன. இன்னும் நெடுநாள் ஓடக்கூடிய பிளேட் அது.

கேஸ்கட்டை மாற்றி எஞ்சினைத் துடைத்து எடுக்க அரை நாள் போனது. செலவு, கிளச் செட்டுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் வரவில்லை. “ஒயில் இன்னும் கொஞ்சம் கூடுதலா ஊத்தியிருந்தா தீப்பிடிச்சிருக்கும்” என்று பாஸ் சொன்னபோது, பின்னால் அடுக்கி வரும் புடவைக் கட்டுகள்தாம் என் கண்முன் வந்தன.

அன்று பாஸிடம் கேட்டு நான் குறித்துக்கொண்டவை இவை:

கிளச் நழுவினால் ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வேகம் கூடாது. காகிதம் கருகுவது போன்ற மணம் ஓடும்போதே வரும். முன்னால் ஆளில்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றால் கிளச் நல்லது. நிற்காமல் ஓடினால் உடனே மிதித்துவிட்டு கராஜுக்குப் போங்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகும். கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்; தொட வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்காமல் ஓட்டினாலும் இதே மணம் வரும்.

ரப்பர் மணத்துடன் கீச்சென்ற சத்தமும் வந்தால் பெல்ட்டைப் பாருங்கள். இனிப்பான மணம் என்றால் ரேடியேட்டரின் கூலன்ட் கசிகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். வீதியில் கிடந்த ஷொப்பிங் பை சைலன்ஸர் குழாயில் ஒட்டி உருகினாலும் பிளாஸ்டிக் மணம் வரும்.

ஆனால் அதை ஊகித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பிளாஸ்டிக் மணம் வயர் எரிவதாலும் வரும். உடனே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆட்களை இறக்குங்கள். புகை, நெருப்பு இல்லையென்றால் மட்டும் பெட்டரி வயரைக் கழற்றுங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாக வெள்ளிக் காகிதம் சுற்றுவதும், 10 அம்பியருக்கு 30 அம்பியர் போடுவதும் நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

வீடு திரும்பியதும் கடையின் செலவுக் கணக்கைப் புரட்டினேன். மூன்று மாதங்களாக ஒயில் போத்தல் பில்கள் வரிசையாக இருந்தன. நானே கையொப்பமிட்டவை. முன்னர் ஒருபோதும் இல்லாத செலவு. ஏன் என்று நான் கேட்கவேயில்லை.

கழித்த பணத்தை மறுநாளே சாரதியிடம் கொடுத்து, பிழை என்னுடையது என்று கடைப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே சொன்னேன். அவர் மறுத்தார், வற்புறுத்தித்தான் கொடுத்தேன். இப்போது வேனில் ஒரு சிறிய கொப்பி இருக்கிறது. ஒயில் ஊற்றிய திகதி, அளவு, கேட்ட சத்தம், வந்த மணம் எல்லாவற்றையும் அவர் எழுதுவார். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது அதையும் நான் வாசிப்பேன்.

சாமானை மாற்றுவதற்கு முன்னர், ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குச் செலவில்லை.