ஊர்ச் சாலையில் நடப்போருக்குப் பாதுகாப்பு

நம் ஊர்களின் வண்டிப் பாதைகள் பலவும் இன்று தார்ச் சாலைகளாகிவிட்டன. விளைபொருள் விரைவில் சந்தையை அடைகிறது. ஆயினும், பள்ளிச் சிறுவரும் புல்லுக்கட்டுச் சுமந்த பெண்டிரும் அதே சாலையில்தான் நடக்கின்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் ஆபத்தை உணரும் ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகமாயின் 8 மீட்டரே ஓடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஆகவே, அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. சாலையின் அமைப்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

மனம்போனபடி குவித்த மண்மேடு வேகத்தடையாகாது. அது இரு சக்கர வண்டியைக் கவிழ்த்துவிடும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள அளவுப்படியே வேகத்தடையை அமைத்தல் வேண்டும். அதன்மீது வெள்ளைக் கோடுகளும், சற்று முன்னதாகவே எச்சரிக்கைப் பலகையும் இன்றியமையாதவை.

சாலையோரத்தில் நெல்லை உலர்த்தினால், நடப்போர் நடுச் சாலைக்குத் தள்ளப்படுகின்றனர். உலர்களம் அமைப்பதே இதற்கு வழி. இரவில் செல்லும் டிராக்டர்ப் பெட்டிகளின் பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுவது உழவர் கடமை.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சிச் சாலைகளைப் பேணுவதும் பொதுச் சாலைகளுக்கு விளக்கிடுவதும் ஊராட்சியின் கடமைகளாம். ஊரினூடே நெடுஞ்சாலை செல்லுமாயின், நடைபாதையும் கடக்குமிடமும் வேண்டிக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பலாம். பள்ளி வாயிலிலிருந்தே இப்பணியைத் தொடங்குவோமாக.