துள்ளும் ரப்பரும் துள்ளாத ரப்பரும்

ரப்பர் என்றாலே துள்ளும் பொருள் என்பது நம்மில் பலருடைய எண்ணம். தரையில் தட்டிப் பார்த்து, நன்றாக எழும்பினால் உயர்ந்த சரக்கு என்றும், எழும்பாவிட்டால் மட்டமான சரக்கு என்றும் தீர்மானித்துவிடுகிறோம். இச்சோதனை பந்துக்குப் பொருந்தும். எல்லா ரப்பர்ச் சாமான்களுக்கும் பொருந்தாது.

பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்க இரு கறுப்புப் பந்துகளைக் காட்டுவதுண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்று நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. மற்றது நார்போர்னீன் வகையைச் சேர்ந்தது. ஒரே உயரத்திலிருந்து விட்டால் முதற்பந்து துள்ளி எழும். மற்றது விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

காரணம் என்ன?

ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூல்களைப் போன்றவை. சுருண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பச்சை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும்; குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் நூல்களுக்கிடையே முடிச்சுகள் விழுந்து உறுதி பெறும் என்பதை 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார்.

பந்து தரையில் மோதும்போது நசுங்குகிறது, நூல்கள் நீள்கின்றன. விழுந்த வேகத்தின் சக்தி அவற்றில் தங்குகிறது. நூல்கள் உடனே பழைய நிலைக்குச் சுருங்கினால் அச்சக்தி பந்தை மேலே தள்ளும். துள்ளாத ரப்பரில் நூல்கள் ஒன்றோடொன்று உராய்ந்து மெதுவாகவே அசைகின்றன. அது களிமண் உருண்டையைப் போல் உருக்குலைவதில்லை. பழைய வடிவத்தைச் சற்றுத் தாமதித்தே அடைகிறது. அத்தாமதத்திற்குள் சக்தியின் பெரும்பகுதி உஷ்ணமாக மாறிவிடுகிறது. துள்ளாத பந்தைச் சுடுநீரில் இட்டுச் சூடேற்றினால் நூல்கள் விரைந்து அசைவதால், அது முன்னிலும் நன்கு எழும்பும்.

ஒரே சக்கரத்தில் இரண்டும்

சென்னைக்கு மேற்கே உள்ள பாடியில் 1960-களில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா முதலிய மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகள் எழுந்தன. அடுத்துள்ள அம்பத்தூரில் டன்லப் டயர்த் தொழிற்சாலை பல்லாண்டுகள் இயங்கிவந்தது. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1961-ல் டயர் உற்பத்தியில் இறங்கியது. இத்தகைய தொழிற்சாலைகளின் பொருள்கள் ஒன்றுசேரும் டிராக்டர்ச் சக்கரத்தில் இருவகை ரப்பரும் வேலை செய்வதைக் காணலாம்.

டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. சக்தியை விழுங்கும் ரப்பரால் அதைச் செய்தால் விரைவில் சூடேறிக் கெடும். ஆகவே பாரம் சுமக்கும் டயர்களின் உடற்பகுதியில், நன்கு துள்ளும் இயற்கை ரப்பரை மிகுதியாகச் சேர்க்கின்றனர். நம் கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் விளைவது இவ்வகையே.

உள்ளிருக்கும் டியூபோ பெரும்பாலும் 1937-ல் உருவான பியூட்டைல் ரப்பரால் ஆனது. அதன் துள்ளல் மிகக் குறைவு. ஆயினும் நூல்கள் நெருங்கி மந்தமாக அசைவதால் காற்று அதனூடே எளிதில் கசியாது. இயற்கை ரப்பர் டியூபைவிடப் பன்மடங்கு நாள் அது காற்றைத் தாங்கும். இயந்திரங்களின் அதிர்வைத் தணிக்கும் மெத்தைகளுக்கும் இத்தகைய ரப்பர் ஏற்றது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பஞ்சாயத்து விளையாட்டுத் திடலுக்குப் பந்து வாங்குவோர், மாதிரிகளை ஒரே சிமெண்டுத் தரையில், ஒரே உயரத்திலிருந்து விட்டு ஒப்பிட வேண்டும். டென்னிஸ் பந்து 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. உட்குழிவான பந்தில் அடைபட்ட காற்றும் துள்ளலுக்கு உதவுவதால், காற்றிறங்கிய பழைய சரக்கை ஒதுக்குவது நலம்.

டியூபுக்குச் சோதனை வேறு. காற்றடைத்து நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே முறை. துள்ளவில்லை என்பதற்காக நல்ல டியூபைத் தள்ளிவிட்டு, துள்ளுவதை வாங்கி அடிக்கடி காற்றடிப்பது காலத்திற்கும் பணத்திற்கும் நஷ்டம். எந்த வேலைக்கு எந்த ரப்பர் என்று அறிந்து வாங்கினால், பொதுப்பணமும் உழவரின் பணமும் வீணாகா.