தட்டு ஏன் காலி?

இங்கிலாந்து நாட்டில் கெவின் ஆஷ்டன் என்று ஓர் இளைஞர். "புராக்டர் அண்டு கேம்பிள்" என்ற பெரிய கம்பெனியில் அவருக்கு வேலை. கம்பெனியின் அழகுச் சாமான்கள் நன்றாக விற்கின்றனவா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

1990-களின் பிற்பகுதியில் அவருக்கு ஒரு குழப்பம் வந்தது. பழுப்பு நிற உதட்டுச் சாயம் ஒன்றுக்கு ஏக கிராக்கி. ஆனால், அவர் வீட்டுப் பக்கத்துக் கடையில் அந்தத் தட்டு எப்போதும் காலி! கிடங்கிலோ சரக்கு வேண்டிய மட்டும் இருந்தது.

சரக்கு இருக்கிறது. வாங்க ஆள் இருக்கிறார். வியாபாரம் மட்டும் இல்லை! காரணம், தட்டு காலியான செய்தி உரியவர்களுக்கு உடனே போய்ச் சேரவில்லை.

கோடு சொல்லாதது

சோப்பு உறையில் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் "பார்கோடு". 1974-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, அமெரிக்காவில் டிராய் என்ற ஊர்க் கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலம் இந்தக் கோட்டின் மூலம் முதன் முதலாக விற்கப்பட்டது.

இந்தக் கோடு, "நான் இன்ன சோப்பு" என்று மட்டும் சொல்லும். அதே சோப்பு ஆயிரம் இருந்தால், ஆயிரத்துக்கும் ஒரே எண்தான். வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி? அந்தக் கதைதான்!

பேசும் வில்லை

1999-ம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக் கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. ஆஷ்டன் அதில் சேர்ந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சஞ்சய் சர்மாவும் அங்கே இருந்தார்.

பொருளின் மேல் "ஆர்.எப்.ஐ.டி." என்ற சிறு வில்லையை ஒட்டுகிறார்கள். அதற்குள் மணல் போன்ற ஒரு சில்லு. பேட்டரி கிடையாது. ரேடியோ அலை பட்டதும் அதிலிருந்தே சக்தி பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். பெட்டியைப் பிரிக்காமலே எண்ணலாம்!

சில்லு மலிவாக இருக்க வேண்டுமே? அதற்கும் வழி கண்டார்கள். சில்லில் எண் மட்டும் இருந்தால் போதும். மற்ற விவரங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும் என்றார்கள்.

முகவரி போல

ஆளுக்கு ஒரு விதமாக எண் போட்டால் குழப்பம்தான். ஆகவே, பொது முறை வகுத்தார்கள். முதலில் கம்பெனியின் எண். அடுத்து, பொருளின் எண். கடைசியில் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் உரிய எண். ஊர், தெரு, கதவு எண் என்று முகவரி எழுதுவதைப் போல!

பெரிதும் வழங்கும் முறையில், ஒரே வகைச் சோப்புக்கு மட்டும் 27,487 கோடி தனி எண்கள் கொடுக்கலாம்! இரண்டு கம்பெனிகளுக்கு ஒரே எண் போகாமல் "ஜி.எஸ்.1" என்ற சர்வதேச அமைப்பு பார்த்துக் கொள்கிறது.

இதனால் என்ன லாபம்? ஒரு மருந்துப் பெட்டியில் குறை என்றால், அது எந்தக் கடைக்குப் போயிற்று என்று தேடிப் பிடிக்கலாம். போலிச் சரக்கையும் கண்டு கொள்ளலாம்.

காட்டிக் கொடுக்குமா?

"வாங்கிய சட்டையில் வில்லை இருந்தால், நான் போகும் இடமெல்லாம் காட்டிக் கொடுக்காதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. மேல் நாடுகளில் மக்கள் இதே கேள்வியை எழுப்பினார்கள். அதனால்தான், வில்லையை நிரந்தரமாக ஊமையாக்கும் கட்டளை ஒன்றும் இந்த முறையில் உண்டு. கடைக்காரர் அதைப் பயன்படுத்த வேண்டும். அவ்வளவுதான்!

கடையில் பேசட்டும். நம் வீட்டுக்கு வந்த பிறகு வாயை மூடிக் கொள்ளட்டும்!